முடிச்சுப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி: விலங்காய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளின் விலங்காய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர்களும், முதுநிலை ஆய்வேட்டு வழிகாட்டிகளும்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாரிலிருந்து இதை எழுதுகிறேன். நான் ஈறு நோய்ப் பிரிவில் முதுநிலைப் பட்டம் பெற்ற பல் மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பீருமேடு வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளுகிற, உரமூட்டை சுமக்கிற, தொழிற்சாலையில் இரவு முறை பார்க்கிற தமிழர்கள். குமுளிச் சாவடி தாண்டிக் கம்பத்திலிருந்தும் சிலர் வருவார்கள். ஈறு என்பதற்கு அவர்களில் பாதிப் பேர் 'மோண' என்று மலையாளச் சொல்லையே சொல்வார்கள்.

உங்கள் குழுக்களின் முன் வரும் விண்ணப்பங்களில் ஒரு வகையைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். எலியின் கடைவாய்ப் பல்லைச் சுற்றிப் பட்டு நூலைக் கட்டி, ஈறு நோயை வரவழைத்து, அதன் மேல் ஒரு மூலிகைச் சாற்றையோ மருந்தையோ சோதித்துப் பார்க்கும் ஆய்வுகள் அவை. அவற்றை அடியோடு நிறுத்திவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த ஆய்வில் எலியால் மட்டுமே சொல்ல முடிந்த விடை எது என்ற கேள்விக்கு ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும் எழுத்தில் பதில் வாங்குங்கள், பதில் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்கிறேன்.

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது சென்ற மழைக்காலத்தில். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒரு தொழிலாளி, நனைந்த சாக்கைத் திண்ணையில் உதறிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். நான் விளக்கைத் திருப்புவதற்கு முன்பே நாக்கு நுனியால் கீழ்வரிசை முன்பற்களைத் தள்ளிக் காட்டினார். நான்கு பற்களும் ஒன்றாக முன்னே சாய்ந்து திரும்பி வந்தன. "வலியே இல்ல டாக்டரம்மா, ஆடுது, அவ்வளவுதான். புடுங்கி விட்டீங்கன்னா கஞ்சியாச்சும் நிம்மதியா குடிப்பேன்" என்றார். அளவுகோல் ஊசியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இறக்கினேன். மூன்று மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டியது ஏழு வரை போனது. சர்க்கரையைப் பார்த்தபோது முந்நூறைத் தாண்டியிருந்தது. அவருக்கு அது அன்றுதான் தெரியும். துணைக்கு வந்திருந்த அவருடைய அக்கா இரண்டு வயது மூத்தவர். அதே லயத்து வரிசை வீடு, அதே தண்ணீர், இருவர் மடியிலும் அதே வெற்றிலை பாக்குப் பொட்டலம். அக்காவின் ஈறிலும் ரத்தம் கசிந்தது, ஆனால் ஒரு பல்கூட அசையவில்லை. "எனக்கு மட்டும் ஏன்?" என்று தங்கை கேட்டார். சர்க்கரையைச் சொன்னேன். அது பாதிப் பதில்தான் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

அன்று இரவு என் முதுநிலை ஆய்வேட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. அந்நாளில் அங்கு நடந்தது பல இடங்களிலும் நடந்ததுதான். விஸ்டார் என்ற ஆய்வக வகையைச் சேர்ந்த 24 எலிகள், ஆறு ஆறாக நான்கு பிரிவுகள்: நூல் கட்டாதவை, நூல் மட்டும் கட்டியவை, நூல் கட்டி ஒரு செடிச்சாற்றுக் கூழ் தடவியவை, நூல் கட்டி டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தவை. கூண்டுக்கு மூன்றாக எட்டுக் கூண்டுகள்.

முடிச்சு எப்படிப் போடப்படுகிறது என்பதைக் குழுவில் உள்ள எல்லோரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். கீட்டமினும் சைலசினும் சேர்த்து ஊசி போட்டு எலி மயங்கியதும் மல்லாத்திப் படுக்க வைத்து, மேல், கீழ் வெட்டுப்பற்களில் ரப்பர் வளையத்தை மாட்டி வாயை விரிக்க வேண்டும். விரித்தாலும் உள்ளே ஒரு விரல் நுனிகூடப் போகாது. மேல்தாடையின் இரண்டாவது கடைவாய்ப் பல் அரிசி நுனி அளவே இருக்கும். அதன் இருபக்க இடுக்கிலும் நூலை நுழைத்துச் சுற்றி, ஈறுக்கடியில் இறங்கும்படி இறுக்கி, முடிச்சை உள்பக்கம் விட வேண்டும். ஒரு கை நடுங்கினால் ஈறு கிழியும். மறுநாள் எலி தின்பதைப் பார்த்தால் கெட்டித் தீனியைத் தள்ளிவிட்டு ஊறியதை மட்டும் நக்கும். முன்னங்கால்களால் கன்னத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்கும். எலியின் வலியை அதன் முகத்திலிருந்தே படிக்கும் அளவுகோல் 2011இலேயே வெளிவந்துவிட்டது: கண் இடுங்குவது, காது பின்சாய்வது, மூக்கும் கன்னமும் தட்டையாவது, மீசை விறைப்பது ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். நான் போடவில்லை. போட வேண்டும் என்று என் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட குழுவும் சொல்லவில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நான்காம் நாள் இரண்டு எலிகளுக்கு முடிச்சு தளர்ந்து விழுந்திருந்தது. மறுபடி கட்டி, அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். எலும்பு எவ்வளவு குறைந்தது என்று அளந்தவள் நானே. எந்தத் தாடை எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது தெரிந்தே அளந்தேன். பிரிவுகளைக் கூண்டுவாரியாகப் பிரித்திருந்தேன். எலிகள் ஒன்றின் எச்சத்தை மற்றொன்று தின்னும். ஒரே கூண்டில் இருப்பவற்றின் வாயிலும் குடலிலும் உள்ள நுண்ணுயிர்கள் நாளடைவில் ஒன்றுபோல் ஆகிவிடும். நுண்ணுயிர்களால் வரும் நோயை ஆராயும்போது கூண்டுக்கு மூன்று எலி என்பதை மூன்று தனித்தனி சாட்சிகள் என்று எண்ணக் கூடாது. பிரிவுக்கு ஆறு எலிகள் என்று ஆய்வேட்டில் எழுதினேன். உண்மையில் என்னிடம் இருந்தது பிரிவுக்கு இரண்டு கூண்டுகள். சாறு நல்ல பலன் தந்ததாக முடிவு வந்தது. பட்டமும் வந்தது. அந்தக் கூழை அதற்குப் பிறகு எவரும் ஒரு மனித ஈறிலும் தடவிப் பார்க்கவில்லை, நானும் தடவவில்லை. இருபத்து நான்கு உயிர்கள் அந்த அட்டைக்குள் இருக்கின்றன, அந்தப் பெண்மணியின் கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

எலியின் வாயைப் பற்றிப் பாடநூல் சொல்வதையே மீண்டும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அதற்கு மொத்தம் 16 பற்கள். மேல், கீழ்த் தாடைகள் இரண்டிலும் ஒவ்வொரு பக்கமும் ஒரு வெட்டுப்பல், மூன்று கடைவாய்ப் பற்கள். கோரைப்பல்லும் முன்கடைவாய்ப் பல்லும் இல்லை. வெட்டுப்பல் ஆயுள் முழுதும் வளரும். கடைவாய்ப் பற்களும் தேயத் தேய மெல்ல மேலெழுவதால், நோயே இல்லாத எலிக்கும் வயது ஏற ஏறப் பல்கழுத்துக்கும் எலும்பு விளிம்புக்கும் இடையே தூரம் கூடும். அதை எலும்பு இழப்பு என்று தவறாகப் படிக்க வழியுண்டு. நம் கடைவாய்ப் பற்கள் காலப்போக்கில் முன்னோக்கி நகரும், எலியின் பற்களோ பின்னோக்கி நகரும். பல்லை ஒட்டிய ஈறுப் பள்ளத்தின் உட்தோல் நமக்கு மெல்லியது, எலிக்குக் கெரட்டின் என்ற கடினப் புரதம் படிந்து தடித்தது. சாதாரண ஆய்வக எலிக்கு இந்த நோய் தானாக எளிதில் வருவதில்லை, அதனால்தான் நூலைக் கட்டி வரவழைக்கிறோம். மனிதரில் பத்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் அரிப்பு எலியில் பதினான்கு நாளில் நடந்து முடிகிறது. வாய்க்குள் ஒரு முள் சிக்கிக்கொண்டதற்கு உடல் காட்டும் எதிர்ப்பும் அதில் பெருமளவு கலந்திருக்கிறது. நூலை எடுத்துவிட்டால் வீக்கமும் அடங்கத் தொடங்கிவிடும். என் நோயாளியின் வாயிலிருந்து எடுத்துப்போட அப்படியொரு நூல் இல்லை.

இருந்தும் எலியும் சுண்டெலியும் நமக்குத் தந்தவை பெரியவை. அவற்றை மறைத்துவிட்டு எழுதினால் இந்த மடல் நேர்மையற்றதாகிவிடும். 1990களில் பார்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவைச் சுண்டெலிகளின் வாயில் ஊட்டிப் பார்த்தபோது, பி, டி வகை லிம்போசைட்டுகள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் இல்லாத இனத்துக்கு எலும்பு குறைவாகவே அரித்தது. எலும்பைத் தின்பது பாக்டீரியா மட்டுமில்லை, அதை எதிர்க்கப் புறப்படும் நம் சொந்த அணுக்களுக்கும் அதில் பங்குண்டு என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்ட வேறு வழி இருந்திருக்காது. 2011இல் இன்னொரு கதவு திறந்தது. பிறந்தது முதல் எந்தக் கிருமியும் அண்டாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அதே பாக்டீரியாவைக் கொடுத்தார்கள், எலும்பு அரிக்கவில்லை. வழக்கமான வாய்க் கிருமிகளோடு வாழும் சுண்டெலிக்கு மிகச் சிறிதளவே கொடுத்தார்கள்; அது அங்கிருந்த சாதுவான கிருமிக் கூட்டத்தையே கெடுத்து, எலும்பு இழப்பை உண்டாக்கியது. ஈறு நோய்க்கு ஒரு குற்றவாளிக் கிருமி என்று நாங்கள் படித்த பாடம் அதோடு மாறியது. கிருமியற்ற மனிதக் குழந்தையை வளர்த்துப் பார்க்க யாராலும் முடியாது, ஒரு மரபணுவை மட்டும் நீக்கிய மனிதரை உருவாக்கிப் பார்க்கவும் கூடாது. அங்கே எலியால் மட்டுமே சொல்ல முடிந்த விடை இருந்தது. அத்தகைய விண்ணப்பம் உங்களிடம் வந்தால் அனுமதியுங்கள், வலி குறையும்படி அனுமதியுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

எலும்பு எப்படிப் போகிறது என்பதை எலி நன்றாகக் காட்டும். யாருக்குப் போகும், எந்த மருந்து அதை நிறுத்தும் என்று எலியிடம் கேட்கும்போதுதான் நாம் ஏமாறுகிறோம். 2019இல் இதே ஜிஞ்சிவாலிஸ் பாக்டீரியாவின் தடயங்கள் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இருப்பதாகவும், வாய்வழி தொற்று ஏற்படுத்திய சுண்டெலிகளின் மூளைக்கு அது போய்ச் சேர்ந்ததாகவும், பாக்டீரியாவின் நொதியைத் தடுக்கும் மருந்து சுண்டெலிகளில் பலன் தந்ததாகவும் ஒரு கட்டுரை வந்தது. ஈறைக் காத்தால் மறதி நோயைத் தடுக்கலாம் என்று நானும் நோயாளிகளிடம் ஆவலோடு சொன்ன நாட்கள் உண்டு. அந்த மருந்தை 600க்கும் மேற்பட்ட மனிதர்களிடம் சோதித்தார்கள். 2021 இறுதியில், வைத்துக்கொண்ட முதன்மை இலக்குகளை அது எட்டவில்லை என்று அறிவிப்பு வந்தது. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரதங்கள் இந்த நோயில் வகிக்கும் பங்கைச் சுண்டெலிகள் காட்டிக்கொடுத்தன. ஆனால் அதன் மையப் புரதமான சி3ஐத் தடுக்கும் மருந்து மனிதரிலும் குரங்கிலும் மட்டுமே வேலை செய்யும், எலிப் புரதத்தை அது தொடாது. எனவே அந்த மருந்தை எலியில் சோதிக்கவே முடியாமல் குரங்குகளுக்குப் போய், அங்கிருந்து மனிதர்களிடம் வந்தார்கள். வழியைக் காட்டியது எலி. மருந்தைச் சோதிக்க அது உதவவில்லை.

இந்த வேறுபாட்டை உங்கள் முன் வரும் விண்ணப்பங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினையும் பச்சைத் தேயிலைச் சாற்றையும் நூல் கட்டிய எலிகளில் ஏற்கெனவே பலர் சோதித்திருக்கிறார்கள். இன்னொரு செடி, இன்னும் 24 எலி என்று வரும் விண்ணப்பம் எந்த வகைக் கேள்வியைக் கேட்கிறது? எங்கள் ஊரில் தேயிலைக்குப் பஞ்சமில்லை. அந்தச் சாற்றில் கொப்பளித்தால் ஈறு வீக்கம் குறையுமா என்பதை, தெரிந்து சம்மதிக்கும் பெரியவர்களிடம், பல் சுத்தம் செய்யும் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கேட்டால் சில வாரங்களில் விடை கிடைக்கும்.

இந்த நோயைப் பொறுத்தவரை மனிதரிடமிருந்தே கற்றுக்கொண்டது மிக அதிகம். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸில் ஹரால்ட் லோவும் உடன் பணியாற்றியவர்களும் 12 தன்னார்வலர்களைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது, மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. பல்லின் மேல் படியும் கிருமிப் படலமான பற்படலமே காரணம் என்பதை நிலைநாட்டிய அந்த ஆய்வுக்கு ஓர் எலிகூடத் தேவைப்படவில்லை.

அதே லோவின் குழு 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பார்க்கத் தொடங்கியது. அந்நாட்டு மலையகத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். எங்கள் தோட்டங்களுக்கு வந்தவர்களைப் போலவே தமிழ்நாட்டுச் சீமைகளிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவ வசதியோ அவர்களுக்கு அநேகமாக இல்லை. 15 ஆண்டுகளில் அவர்களில் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாகவும், 81 விழுக்காட்டினருக்கு மிதமாகவும் முற்றியது. 11 விழுக்காட்டினருக்கு வெறும் ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. வேகமாக முற்றியவர்கள் 45 வயதுக்குள் ஏறத்தாழ எல்லாப் பற்களையும் இழந்தார்கள். எனக்கு மட்டும் ஏன் என்று என் நோயாளி கேட்ட கேள்வி அந்த எண்களில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஈறு நோய் பற்றி எழுதும் எவரும் இன்றுவரை அந்த மனிதர்களின் வாயிலிருந்து கிடைத்த கணக்கைத் தவிர்க்க முடியாது.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். பல் ஒவ்வொன்றாக ஆடி விழுவதைப் பதினைந்து ஆண்டுகள் அளந்துகொண்டிருப்பது இன்று எந்த நெறிமுறைக் குழுவும் ஏற்கக்கூடிய காரியமில்லை. ஆகவே எலிக்குப் பதில் ஏழைத் தொழிலாளி என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் புரிந்துகொள்ளவும் கூடாது. மனிதரிடம் நாம் கேட்கும் கேள்வி சிகிச்சையோடு சேர்ந்தே வர வேண்டும். சிகிச்சை கொடுத்துக்கொண்டே, யாருக்கு நோய் திரும்புகிறது, யாருக்கு நிற்கிறது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் பை ஆழம், அதாவது ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளத்தின் ஆழம், எவ்வளவு குறைகிறது, புகையிலையை விட்டவருக்கு என்ன ஆகிறது என்று தொடர்ந்து குறித்து வந்தால் போதும். பொறுமையும் அட்டைகளும் போதும் அதற்கு. மூன்றாண்டுப் படிப்புக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்துக்குப் பதினான்கு நாள் எலி வசதியாக இருக்கிறது என்பதை வழிகாட்டிகள் அறிவார்கள். நானும் அந்த வசதியில் ஒளிந்தவள்தான்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, இயன்ற இடத்திலெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. கைப்பழக்கத்துக்காக மட்டும் அதைக் கூடியவரை செய்யலாகாது என்கிறது. அதே பிரிவு, பெரிய விலங்குக்குப் பதிலாக முயல், எலி போன்ற சிறியவை போதுமானால் பெரியதைத் தவிர்க்கவும் சொல்கிறது. இந்தக் கடைசி வரியால் எலி என்றாலே கேள்விக்கு இடமில்லாத கடைசிப் படி என்ற எண்ணம் நம் கல்லூரிகளில் ஊறிவிட்டது. இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்ற வரி எலிக்கும் பொருந்தும் என்பதைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். உங்கள் குழுவில் அறிவியல் துறை சாராத, சமூக அக்கறை கொண்ட உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. நான் பார்த்த கூட்டங்களில் அவர் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவதோடு எழுந்துவிடுவார். விண்ணப்பத்தின் சுருக்கத்தை அவருக்குப் புரியும் தமிழிலோ மலையாளத்திலோ ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எலியால் மட்டுமே சொல்ல முடிந்தது எது என்ற கேள்வியை அவர் வாயால் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு விளங்கும்படி பதில் சொல்ல முடியாத மாணவருக்கு அந்த ஆய்வு இன்னும் விளங்கவில்லை.

அனுமதித்த பிறகும் சிலவற்றைக் கட்டாயமாக்குங்கள். எலிகளின் எண்ணிக்கையோடு கூண்டுகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். ஒரே கூண்டில் வெவ்வேறு பிரிவுகளைக் கலந்து வைக்க முடியாதென்றால் கூண்டையே ஓர் அலகாக எண்ணச் சொல்லுங்கள். அளப்பவருக்குப் பிரிவு தெரியக் கூடாது. நூல் கட்டிய நாள் முதல் எடையும் முக வலி மதிப்பெண்ணும் தினமும் குறிக்கப்பட வேண்டும், எந்த எல்லையைத் தாண்டினால் ஆய்வை நிறுத்துவது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். பலன் தராத சாறுகளின் முடிவும் கல்லூரியின் வலைத்தளத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் இன்னொரு மாணவி அதே செடிக்கு மறுபடியும் முடிச்சுப் போடுவாள்.

வண்டிப்பெரியாரில் என் நோயாளிகளின் பை ஆழம், சர்க்கரை அளவு, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றை அட்டைகளில் குறித்து வருகிறேன். மனித ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடும், அவர்கள் மொழியில் விளக்கிப் பெற்ற சம்மதத்தோடும், சிகிச்சை கொடுக்கும் ஏற்பாட்டோடும் வரும் முதுநிலை மாணவர் எவருக்கும் என் நாற்காலியும் நேரமும் உண்டு. அந்த அக்காவும் தங்கையும் மாதம் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் சேர்ந்தே வருகிறார்கள். தங்கையின் சர்க்கரை இறங்கியிருக்கிறது. நான்கு பற்களில் இரண்டைக் கம்பி போட்டு நிறுத்தியிருக்கிறேன், பை ஆழம் ஏழிலிருந்து ஐந்துக்கு வந்திருக்கிறது. மற்ற இரண்டும் நிற்குமா என்று இன்னும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓர் ஈறு நோய் மருத்துவர்,
வண்டிப்பெரியார், இடுக்கி மாவட்டம்